என் கைக்குள் வந்து தங்கிய ஓவியர்கள்

என் மேஜையின் கடைசி இழுப்பறையில் ஒரு பழைய படம் இருக்கிறது. மழையில் குடையோடு நிற்கும் ஒரு பெண். உடை முழுக்கக் கறுப்பு, குடையும் கறுப்பு, தலைமுடி வளைந்து வளைந்து தாளின் ஓரம் வரை ஓடும், மழை மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக இறங்கும். இந்தியன் இங்க்கில் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. ஒரு கதைத் தொகுப்பின் அட்டைக்காகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பதிப்பகத்தில் படங்களைப் பார்ப்பவர் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பியர்ட்ஸ்லி வரைஞ்ச மாதிரியே இருக்கு. உங்க படம் ஒண்ணு காட்டுங்க" என்றார். என் பையில் இன்னும் ஒன்பது படங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன், எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. மூன்று பியர்ட்ஸ்லி மாதிரி, இரண்டு பிரெஞ்சுப் படக்கதை ஓவியர் மூபியஸ் மாதிரி, மற்றவை அந்த ஆண்டு நான் யாரை ரசித்துக்கொண்டிருந்தேனோ அவர்கள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அன்று வருத்தப்பட்டதைவிட, அடுத்த சில வாரங்கள் பேனாவை எடுக்கும்போதெல்லாம் 'இது யாருடைய கோடு' என்று கேட்டுக்கொண்டு கை நின்றுபோனதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் வேறு எந்த ஓவியரையும் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்து புத்தகங்களை எல்லாம் மேலே தூக்கி வைத்தேன். நான்கு மாதம் அப்படி இருந்தேன். அந்த நான்கு மாதத்தில் வரைந்தவைதான் நான் வரைந்ததிலேயே உயிரில்லாத படங்கள். யாரையும் பார்க்காமல் இருந்தால் சொந்தப் பாணி தானாக வெளியே வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. பழைய பழக்கங்கள்தான் வந்தன.

பிறகு மெதுவாக வழி கிடைத்தது. ஒரு ஓவியர் எதை வரைந்திருக்கிறார் என்றே அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதை வரையாமல் விட்டிருக்கிறார், ஏன் விட்டார் என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அவர்களிடமிருந்து எனக்கு ஏதாவது கிடைத்தது. இதை ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை, ஆளுக்கு ஒரு துண்டாகப் பல வருடங்களில் சேர்ந்தது. யாரிடமிருந்து எந்தத் துண்டு வந்தது, அதை என் மேஜையில் எப்படிப் பழகினேன் என்று எழுதி வைக்கிறேன், வரையத் தொடங்கியிருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

என்னை மாட்டிவிட்ட பியர்ட்ஸ்லியிடமிருந்தே தொடங்குகிறேன். ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1872ல் பிறந்து 1898ல் காசநோயில் இறந்துபோனார். வயது 25. அவருடைய வளைவுகளும் மயிலிறகு அலங்காரமும் புள்ளிகளால் ஆன சரிகையும்தான் என் கண்ணில் முதலில் பட்டன, அவற்றைத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி ஏன் வரைந்தார் என்று யோசித்ததே இல்லை. அவர் வரைந்தது லைன் பிளாக் என்ற அச்சு முறைக்காக: படத்தைப் போட்டோ எடுத்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, எழுத்துகளோடு சேர்த்தே அச்சடிப்பார்கள். அந்தத் தகட்டுக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், நடுவில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. பியர்ட்ஸ்லி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், அப்படியானால் சாம்பலே வேண்டாம் என்று முடிவெடுத்தார். நிழல் விழுவதையும், உருண்டைத் தன்மையையும் அப்படியே விட்டுவிட்டார். அவர் படத்தில் இருக்கும் கறுப்பு நிழல் அல்ல, அது ஓர் இடம். மேஜை மாதிரி, சுவர் மாதிரி, தாளில் தனக்கென்று பரப்பு உள்ள ஒன்று.

இது புரிந்த பிறகு நான் செய்த பயிற்சி எளிமையானது. கட்டை விரல் அளவுக்குச் சின்னக் கட்டங்கள் போட்டுக்கொண்டு, தடித்த பிரஷ் பேனாவால் மூன்று கறுப்புப் பரப்புகள் மட்டும் வைத்து ஒரு காட்சியைச் சொல்லிப் பார்ப்பது. கோடே கூடாது. முகம், விரல், துணி மடிப்பு எதுவும் கூடாது. ஒரு நாளைக்குப் பத்துக் கட்டம் என்று இரண்டு மாதம் செய்தேன். ஆரம்பத்தில் கறுப்பை எங்கே வைத்தாலும் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. போகப்போக ஒன்று கவனித்தேன், கறுப்பை எங்கே வைப்பது என்று தேடுவதைவிட வெள்ளையை எங்கே விடுவது என்று தேடினால் கட்டம் சீக்கிரம் நிற்கிறது. இன்றும் பெரிய படம் எதையும் தொடங்குமுன் இந்தக் கட்டங்கள் ஐந்தாறு போட்டுவிடுகிறேன். என் படங்களைப் பார்க்கும் யாருக்கும் இப்போது பியர்ட்ஸ்லி நினைவுக்கு வருவதில்லை, ஆனால் அந்த முடிவு அவரிடமிருந்து வந்ததுதான்.

அச்சைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுவர் புத்தகத்துக்கு மிக நுணுக்கமாகப் பேனாக் கோடுகள் போட்டு வரைந்துகொடுத்தேன், திரையில் அற்புதமாக இருந்தது. புத்தகம் வந்தபோது முகங்களில் எல்லாம் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு. பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிட்டது, நெருக்கமான கோடுகளுக்கு நடுவிலிருந்த வெள்ளை மூடிக்கொண்டது. யாரும் தவறு செய்யவில்லை, என்ன தாள் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து தாள் என்ன, படம் அச்சில் எத்தனை சதவீதம் சிறிதாகும் என்ற இரண்டையும் கேட்காமல் பேனாவைத் தொடுவதில்லை. பாதியாகச் சிறிதாக்கினால் 0.2 மில்லிமீட்டர் கோடு 0.1 ஆகிவிடும், கோடுகளுக்கு நடுவில் விட்ட இடைவெளியும் பாதியாகிவிடும். அந்த அளவிலேயே ஒரு துண்டை வீட்டுப் பிரிண்டரில் சாதாரணத் தாளில் எடுத்துப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஜப்பானிய ஓவியர் ஹோகுசாய். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1760ல் பிறந்து 1849 வரை வாழ்ந்தவர். அவருடைய பெரிய அலைப் படம்தான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் என்னை மாற்றியது 1814ல் முதல் தொகுதி வந்த அவருடைய ஸ்கெட்ச் தொகுப்புகள். மொத்தம் பதினைந்து தொகுதிகள், கடைசித் தொகுதி அவர் இறந்து பல வருடம் கழித்து 1878ல்தான் வெளிவந்தது. வரையக் கற்பவர்கள் பார்த்துப் பழகுவதற்கான மாதிரிகள் அவை. ஒரே பக்கத்தில் இருபது முப்பது மனிதர்கள்: மூட்டை தூக்குகிறவர், தண்ணீர் குடிக்கிறவர், தடுக்கி விழுகிறவர், முகத்தைக் கோணலாக்கிச் சிரிக்கிறவர். பின்னணி கிடையாது, நிழல் கிடையாது. தரை கூடப் பெரும்பாலும் கிடையாது, ஆனால் ஒவ்வொரு உடம்பின் எடையும் எந்தக் காலில் நிற்கிறது என்று தெரியும். தரையை வரையாமலே தரையைச் சொல்லிவிடுகிறார். நான் அதுவரை என் ஆட்கள் நிற்பதற்காகக் காலுக்குக் கீழே நிழல் போட்டுக்கொண்டிருந்தேன், இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவே இல்லை.

1812ல் அவர் வேறொரு பயிற்சிப் புத்தகமும் கொண்டுவந்தார், அதில் பறவை, விலங்கு, மனிதர் எல்லாவற்றையும் வட்டங்களாலும் நேர்கோடுகளாலும் கட்டிக் காட்டுகிறார். ஒருபுறம் கட்டமைப்பு, மறுபுறம் முடிந்த படம். அதைப் பார்த்து நானும் ஒரு மாதம் பூனைகளை வட்டங்களாகப் போட்டேன். தூங்கும் பூனை எத்தனை வட்டம், எட்டிப் பார்க்கும் பூனை எத்தனை வட்டம் என்று. எனக்கு அது உடனே பிடித்துவிடவில்லை, எல்லாப் பூனையும் பொம்மையாக வந்தது. மூன்றாவது வாரம்தான், வட்டங்கள் ஒன்றையொன்று எங்கே வெட்டுகின்றன என்பதில்தான் தோள்பட்டையும் தொடையும் இருக்கின்றன என்று கைக்குத் தெரிந்தது.

இன்னொன்று. நான் ஹோகுசாயின் கோட்டைப் பிரஷ் பேனாவால் அப்படியே கொண்டுவர முயன்று பல தாள்களை வீணாக்கியிருக்கிறேன். அந்தக் கூர்மை, ஓரத்தில் அந்தத் தெளிவு வரவே வரவில்லை, என் கையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் அந்த அச்சுகள் எப்படித் தயாராயின என்று படித்தேன். ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைவார். அந்தத் தாளைக் கவிழ்த்து மரப்பலகையில் ஒட்டி, செதுக்குபவர் கோட்டின் இருபுறமும் கத்தியால் வெட்டி எடுப்பார். அந்த வேலையில் மூலப்படம் அழிந்தே போகும். அப்படியென்றால் நான் பார்த்து ஏங்கியது தூரிகைக் கோடு மட்டும் இல்லை, ஒரு கைதேர்ந்த செதுக்குபவரின் கத்தி வெட்டும் அதில் இருந்தது! இரண்டு பேர் சேர்ந்து செய்த கோட்டை ஒரு பிளாஸ்டிக் முனைப் பேனாவிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த ஓவியரைப் படித்தாலும் முதலில் கேட்பது, எந்தக் கருவி, எந்தத் தாள், அச்சானதா நேரடியாக வரைந்ததா என்பதைத்தான். ஒருவருடைய பாணி என்று நாம் நினைப்பதில் பாதி அந்தக் கருவியின் குணமாக இருக்கும். அந்தப் பாதியைப் பிரித்து எடுத்துவிட்டால்தான் மிச்சமிருக்கும் மனிதர் தெரிவார்.

ஹோகுசாய் எழுபது வயதைத் தாண்டிய பிறகு தன்னைப் பற்றி எழுதி வைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். எழுபதுக்கு முன் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதில்லை, எழுபத்து மூன்றில்தான் விலங்கு, பூச்சி, மீன், செடி இவற்றின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டது, நூற்றுப் பத்து வயதில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் உயிரோடு இருக்கும் என்ற பொருளில் எழுதினார். எனக்கு முப்பது வயது ஆகும்போது 'இன்னும் என் பாணி வரவில்லையே' என்று பதறிக்கொண்டிருந்த நாட்களில் இதைப் படித்தேன். பதற்றம் முழுசாகப் போகவில்லை, ஆனால் அவசரம் போனது.

கேத்தே கோல்விட்ஸ் வேறு விதமாக வந்தார். அவரைப் பல வருடங்கள் மரியாதையோடு தூரத்தில் வைத்திருந்தேன், கனமான படங்கள், எனக்கு ஆகாது என்று. 1867ல் பிறந்த ஜெர்மன் ஓவியர். எட்சிங்கிலும் (உலோகத் தகட்டை அரித்து அச்செடுப்பது) லித்தோகிராஃபிலும் (கல்லில் வரைந்து அச்செடுப்பது) தேர்ந்தவர். 1914 அக்டோபரில், முதல் உலகப்போர் தொடங்கிச் சில வாரங்களிலேயே, அவருடைய இளைய மகன் பீட்டர் போரில் இறந்துபோனான். அந்த இழப்பைப் பல வருடம் வரைந்து வரைந்து பார்த்திருக்கிறார், தனக்குப் பழகிய முறைகள் எதிலும் அது நிற்கவில்லை. 1920ல் ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்த பிறகு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், புதிதாக மரம் செதுக்கப் பழகினார். போரைப் பற்றிய அவருடைய ஏழு மரச்செதுக்குகள் அப்படித்தான் வந்தன. அதில் ஒன்றில் தாயும் தகப்பனும் மண்டியிட்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பார்கள். முகம் தெரியாது. இரண்டு உடம்பும் சேர்ந்து ஒரே கட்டி. வீடு, அறை, ஜன்னல் எதுவும் இல்லை.

என் அம்மா இறந்து ஏழெட்டு மாதம் கழித்து, துக்கத்தைப் பற்றிய ஒரு கதைக்குப் படம் வரையும் வேலை வந்தது. எப்போதும் போல் நிப்பை எடுத்து வரைந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. என் கோடு அலங்காரமாக ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலியின் பின்னலை எல்லாம் ஒன்று விடாமல் போட்டிருந்தேன். அழுகிற ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்னல் யாருக்கு வேண்டும். கோல்விட்ஸின் படங்களை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன், தூரத்திலிருந்து பார்த்தது போதும் என்று. மறுநாள், மரத்தைப் போலவே செதுக்கி அச்செடுக்கும் லினோலியத் தகடு ஒன்றும் இரண்டு செதுக்குளியும் வாங்கிவந்தேன். லினோவில் நான் தேர்ந்தவன் இல்லை. தகடு வழுக்கியது, உளி ஓடியது, இடது கை ஆள்காட்டி விரலில் நன்றாகவே வெட்டிக்கொண்டேன். (புதிதாகச் செதுக்குகிறவர்கள் தயவுசெய்து தகட்டைப் பிடிக்கும் கையை உளிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், உளி போகும் திசையில் ஒருபோதும் வைக்காதீர்கள். தகட்டைக் கொஞ்சம் சூடாக்கினால் மென்மையாக வெட்டும்.) ஆனால் பின்னல் போட முடியவில்லை, அதுதான் எனக்குக் கிடைத்தது. அந்தக் கருவி என்னைப் பேச விடவில்லை. இரண்டு கைகளும் குனிந்த ஒரு தலையும் மட்டும் மிஞ்சின. கதை எழுதியவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கைகளை வரைய ஆரம்பித்தேன். முகத்தைவிடக் கை அதிகம் சொல்லும் என்று கோல்விட்ஸைப் பார்த்தால் தெரியும், அவர் படங்களில் கைகள் பெரியவை, கனமானவை, எப்போதும் எதையாவது பிடித்திருப்பவை. ஒரு வருடம் தினமும் என் இடது கையை ஒருமுறையாவது வரைந்தேன். பயிற்சியாகச் சொல்வதென்றால்: கையைச் சும்மா வைத்து வரையாதீர்கள், ஏதாவது செய்யவிட்டு வரையுங்கள். பொத்தான் போடும் கை, மூடியைத் திருகும் கை, இன்னொருவர் தோளில் கிடக்கும் கை. வேலை செய்யும் கையில் எந்த விரல் முக்கியம் என்று உடனே தெரியும், மற்ற விரல்களைச் சேர்த்து ஒரே வடிவமாகப் போட்டுவிடலாம். என் படங்களில் இன்று 'இது உங்க படம்னு கையைப் பார்த்தா தெரியுது' என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும்.

ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1938ல் பிறந்து 2008ல் மறைந்தவர், 1969ல் காந்தியின் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் தமிழில் படிக்கிற, வரைகிற பலரும் பார்த்திருப்பவை. எனக்கு அவற்றில் பிடித்தது, கோடு எங்கே ஆரம்பித்தது, எங்கே வேகம் பிடித்தது, எங்கே முடிந்தது என்று கண்ணால் திரும்ப ஓட்டிப் பார்க்க முடிவது. ஒரு முதுகு, ஒரு தடி, அவ்வளவில் ஆள் வந்துவிடுவார். புத்தக அட்டைகளுக்கு அவர் எழுதிய தமிழ் எழுத்துகளிலும் அதே கைதான். அதைப் பார்த்துத்தான் எழுத்தையும் படத்தையும் தனித்தனியாகச் செய்வதை விட்டேன். அட்டைப்படத் தலைப்பை இப்போது படம் வரைந்த அதே நிப்பால், அதே உட்காரலில் எழுதிவிடுகிறேன், எழுத்துரு தேடிக் கடைசியில் ஒட்டிவைப்பதில்லை.

டின்டின் படக்கதைகளை வரைந்த எர்ஜேயின் முறையில், தெளிகோடு எனப்படுவதில், ஒரு வருடம் இருந்தேன். ஒரே தடிமனில் கோடு, தட்டையான வண்ணம், குறுக்குக்கோட்டு நிழல் இல்லை. அந்த முறைக்குப் பெயர் பின்னால்தான் வந்தது, டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே 1977ல் வைத்தது. பார்க்க எளிமையாக இருக்கும், கையில் எடுத்தால்தான் எவ்வளவு கண்டிப்பு என்று தெரியும், தவறான கோட்டை மறைக்க ஒரு நிழல்கூடக் கிடையாது. அது எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒரு வருடம் போட்ட கட்டடங்களும் வாகனங்களும்தான் இன்றும் எனக்குக் கைகொடுக்கின்றன.

மூபியஸிடமிருந்து எடுத்துக்கொண்டது கோட்டைவிட வேறொன்று. ழான் ஜிரோ என்ற ஒரே மனிதர் (1938–2012) மேற்கத்தியச் சாகசக் கதைகளை ஜிர் என்ற பெயரில் கனமான தூரிகைக் கோட்டில் வரைந்தார், கனவு மாதிரியான கதைகளை மூபியஸ் என்ற பெயரில் மெல்லிய பேனாக் கோட்டில் வரைந்தார். இரண்டும் அவருடையவைதான். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால்தான் பாணி என்ற எண்ணத்தில் சிறுவர் புத்தகத்துக்கும் கட்டுரைப் படத்துக்கும் ஒரே கோட்டை வலிந்து போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய விடுதலை. இப்போது எனக்கு இரண்டு கை இருக்கின்றன, ஒன்று நிப், ஒன்று லினோ. கதை எதைக் கேட்கிறதோ அது.

நிறையப் பேர் என்னிடம் கேட்கும் விஷயம், ஸ்கெட்ச் நன்றாக வருகிறது, இங்க் போட்டவுடன் செத்துவிடுகிறது என்பது. எனக்கும் பத்து வருடம் அதே தொல்லை. பென்சிலில் துள்ளிக்கொண்டிருந்த குழந்தை இங்க்கில் அட்டைப் பொம்மையாகிவிடும். இதற்கு வழி காட்டியவர் குவென்டின் பிளேக். 1932ல் பிறந்த ஆங்கிலேயர், சிறுவர் புத்தகங்களுக்குக் கிறுக்கலாக ஓடும் நிப் கோட்டில் வரைபவர். அவருடைய முறையை அவரே பல இடங்களில் விளக்கியிருக்கிறார். முதலில் கரடுமுரடான ஒரு ஸ்கெட்ச். அதை லைட் பாக்ஸில் (கீழிருந்து வெளிச்சம் வரும் பலகை) வைத்து, மேலே நீர்வண்ணத் தாளை வைப்பார். ஆனால் கீழே இருக்கும் ஸ்கெட்ச் ரொம்பத் தெளிவாகத் தெரியக்கூடாது என்பார், காரணம் அவர் அதன்மேல் ஒத்தியெடுக்கவில்லை, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முதல்முறை வரைவது போல் மறுபடி வரைகிறார். தொடங்குவதும் ஓரத்திலிருந்து இல்லை, சரியாக வந்தே தீரவேண்டிய இடத்திலிருந்து, ஒரு முகபாவம் மாதிரி.

நான் பத்து வருடமாகச் செய்துகொண்டிருந்தது இதற்கு நேர் எதிர். பென்சில் கோட்டை ரொம்பச் சுத்தமாக்கி, அதன்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிப்பை ஓட்டுவேன். ஓரத்திலிருந்து எளிதான பகுதிகளை முதலில் முடிப்பேன், கடைசியில் முகத்துக்கு வரும்போது கை களைத்திருக்கும், பயமும் சேர்ந்துகொள்ளும், இவ்வளவு வேலையையும் இப்போது கெடுத்துவிடுவோமோ என்று. முறையை மாற்றினேன். ஸ்கெட்ச்சை முடிக்காமல் விடுகிறேன், முகமும் கையும் எங்கே என்பதற்கு அடையாளம் மட்டும். லைட் பாக்ஸின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவேன். டேப்லெட்டில் என்றால் ஸ்கெட்ச் லேயரை இருபது சதவீதத்துக்கு மங்கலாக்கி, ஸ்டெபிலைசரை முழுக்க அணைத்துவிடுவேன், அது கோட்டின் நடுக்கத்தோடு அதன் முடிவையும் துடைத்துவிடுகிறது. முகத்தில் தொடங்குவேன். முகம் வரவில்லையா, இரண்டு நிமிடம்தான் போயிருக்கிறது, தாளை மாற்றிவிடலாம். ஒரு நல்ல பக்கத்துக்குச் சராசரியாக நான்கு தாள் போகிறது. நான்கில் எது நன்றாக வந்தது என்று அன்றே முடிவு செய்வதில்லை, இரவு தாண்டிக் காலையில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவது தாள்தான் நன்றாக இருக்கிறது.

கவனித்துப் பார்த்தால் பிளேக்கும் ஒன்றை விட்டுவிடுகிறார், கோட்டை மூடுவதை. கன்னத்தில் தொடங்கும் கோடு தாடைக்கு வந்து சேராது. வண்ணமும் கோட்டுக்குள் அடங்கி நிற்காது. அந்தத் திறந்த இடத்தில்தான் அசைவு இருக்கிறது.

சரி, பார்த்து வரைவது தவறா? இந்தக் கேள்வியை நான் அந்த நான்கு மாதமும் சுமந்துகொண்டிருந்தேன். விடை கொடுத்தது ரெம்ப்ராண்ட். ஐம்பது வயதில், கைதேர்ந்து புகழும் பார்த்துவிட்ட பிறகு, 1656லிருந்து 1661க்குள் இருபதுக்கும் மேற்பட்ட முகலாய நுண்ணோவியங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார், ஜப்பானியத் தாளில். ஷாஜகான், ஜஹாங்கீர் எல்லாம் அவர் கையில் வந்திருக்கிறார்கள். அவற்றின் செறிந்த வண்ணத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நிற்கும் விதம், உடை, அந்த மெல்லிய கோட்டுக் கட்டுப்பாடு, இவற்றை எடுத்துக்கொண்டார். வான்கோவும் அப்படியே, 1887ல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார், பளிச்சென்று வேறு வண்ணங்களில். அடுத்த வருடம் தென் பிரான்சின் ஆர்ல் ஊரில் நாணல் பேனாவால் போட்ட புள்ளிகளிலும் சிறு கோடுகளிலும் ஜப்பானிய அச்சுகளைப் பார்த்த கண் தெரியும், ஆனால் அந்த வயல்களை ஹிரோஷிகே வரைந்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பார்த்து வரைவதில் நான் இப்போது மூன்று முறை என்று வைத்திருக்கிறேன். முதல்முறை படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிந்தவரை அதே கருவியில், அவசரமில்லாமல். இரண்டாம் முறை அடுத்த நாள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து. இதில் நிறைய மறந்துபோயிருக்கும், அந்த மறதி முக்கியம், எது மறக்கவில்லையோ அதில்தான் என் விருப்பம் இருக்கிறது. மூன்றாம் முறை ஒரு வாரம் கழித்து, முற்றிலும் வேறு பொருளை, என் வீட்டு ஜன்னலையோ தூங்கும் பூனையையோ, அந்த ஓவியர் எதை விட்டாரோ அதை நானும் விட்டுவிட்டு வரைவது. முதல்முறை வரைந்ததை யாருக்கும் காட்டுவதில்லை, காட்டினால் யாருடையதைப் பார்த்து என்று எழுதிவிடுவேன். மூன்றாவது வரைந்ததைத் தேதி போட்டு வைத்துக்கொள்வேன். வருடக் கடைசியில் மூன்றாவதுகளை மட்டும் தரையில் பரப்பிப் பார்த்தால், வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். முதல்தடவை அதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு நிறுவனம், இன்றும் வரைந்துகொண்டிருக்கும் ஓர் ஓவியரின் படங்களை அனுப்பி 'இதே மாதிரி வேண்டும்' என்றது. பணம் தேவைப்பட்ட நேரம், செய்துகொடுத்தேன். அந்தப் படங்கள் வெளியே வந்தபோது அவர் பார்த்திருப்பாரோ என்று வெகுநாள் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அவருக்குப் போயிருக்க வேண்டிய வேலை அது. உயிரோடு இருப்பவர்களிடமிருந்து வேலை செய்யும் முறையைக் கற்கலாம், பிளேக்கிடம் நான் கற்றது அதுதான். அவர்களுடைய தோற்றத்தை விற்பது வேறு. இப்போது யாராவது அப்படி மாதிரிப் படம் அனுப்பினால், இதில் உங்களுக்குப் பிடித்தது எது, வண்ணமா, வெற்றிடமா, முகமா என்று கேட்கிறேன், பிறகு என் படங்களில் அந்தக் குணம் உள்ள மூன்றை எடுத்து அனுப்புகிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஓவியரிடமே போகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் அந்த மழைப் பெண்ணை மறுபடி எடுத்தேன். அதே காட்சி, குடை, மழை, நிற்கும் ஆள். கட்டை விரல் கட்டங்கள் பதினொன்று போட்ட பிறகு குடை வெள்ளையாகிவிட்டது. தரையை வரையவில்லை, இடது காலில் எடையை வைத்துவிட்டேன். தலைமுடி இரண்டு கோடு, இரண்டும் மூடவில்லை. மழையே இல்லை, குடையைப் பிடித்திருக்கும் விதத்தில் மழை தெரிகிறதா என்று பார்க்கிறேன், இன்னும் முழுசாகத் தெரியவில்லை. இதுவரை ஆறு தாள் போயிருக்கிறது. குடைக் காம்பைப் பிடித்திருக்கும் கை மட்டும் பெரிதாக, கனமாக, நான்கு விரலும் ஒரே வடிவமாக வந்திருக்கிறது, பார்த்தவுடன் கோல்விட்ஸின் கை என்று எனக்குத் தெரிகிறது. அதை மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.